பிள்ளைக்கு மைனஸ் பவர்: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

பள்ளிக்கூடக் கண் முகாமிலிருந்து சீட்டு வந்ததும் சில வீடுகளில் அன்று மாலையே கண்ணாடிக் கடைக்குப் போய் ஃபிரேம் எடுத்துக் கொடுத்துவிட்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில், "இந்த வயசுல எதுக்குக் கண்ணாடி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். பார்க்க எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டு வீட்டுக்காரர்களின் கண்ணும் கண்ணாடி மேலேயே இருக்கிறது. பிள்ளையின் கண் வளர்ந்துகொண்டிருப்பதை இருவருமே கவனிப்பதில்லை.

பிறக்கும்போது கண்ணின் நீளம், முன்னிருந்து பின்னாக, 17 மி.மீ. அளவுக்கு இருக்கும். பெரியவர்களுக்கு 23, 24 மி.மீ. இந்த வளர்ச்சி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். பக்கத்தில் உள்ளது தெரியும், கரும்பலகை தெரியாது. இதுதான் கிட்டப்பார்வை, சீட்டில் மைனஸ் பவர். ஒரு மி.மீ. கூடுதலாக நீண்டால் பவர் சுமாராக இரண்டரை டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) ஏறும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. ஊத ஊத மெலியும் பலூன் மாதிரி உள்ளே விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. மைனஸ் ஆறு, ஏழு என்று போனவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை பிரிதல், கண் அழுத்த நோய், சீக்கிரமே வரும் கண்புரை ஆகியவற்றின் அபாயம் கூடுவது இதனால்தான். பவர் ஏறுவதில் ஒரே ஒரு டயாப்டரைத் தடுத்தாலும், கிட்டப்பார்வையால் விழித்திரையின் மையம் கெடும் அபாயம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் "எப்படியும் ஏறத்தானே போகுது" என்று விட்டுவிடுவதை முதல் தவறாகச் சொல்லலாம். ஆறு வயதில் ஆரம்பித்த பிள்ளைக்கும் பதினான்கு வயதில் ஆரம்பித்த பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சின்ன வயதில் ஆரம்பித்தால் வேகமும் அதிகம், ஏறுவதற்கு வருடங்களும் அதிகம்.

பவரைக் குறைத்து எழுதச் சொல்வது

"கொஞ்சம் குறைச்சே எழுதுங்க டாக்டர், முழுசா கொடுத்தா கண்ணு பழகிடும்." இதைக் கேட்காத கண் மருத்துவர் இருக்க மாட்டார். மலேசியாவில் 94 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முழு பவரும் இன்னொன்றுக்கு 0.75 குறைவாகவும் கண்ணாடி கொடுத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது: குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் பவர் கூடுதலாக ஏறியிருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே மாதிரி சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் குறைத்துக் கொடுத்தால் ஏற்றம் நிற்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளை கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதி, கணக்கில் 6-ஐ 8 என்று எடுத்துத் திட்டு வாங்குவதுதான் நடக்கும். பெண் குழந்தை என்றால் "விசேஷத்துக்குப் போகும்போது கழற்றி வெச்சுடு" என்ற உத்தரவு வேறு. இதில் கண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை.

சொட்டு மருந்து இல்லாத டெஸ்ட்

கடையில் மெஷின் முன்னால் தாடையை வைக்கச் சொல்லி, இரண்டு நிமிடத்தில் ஒரு சீட்டு வரும். எஸ்.பி.எச். என்ற, மைனஸ் அல்லது பிளஸ் பவரைக் காட்டும் இடத்தில் -2.25 என்று இருக்கும். பெரியவர்களுக்கு அது நல்ல ஆரம்பம். பிள்ளைகளின் கண்ணோ சட்டென்று பக்கத்துப் பார்வைக்கு இறுகிக்கொள்ளும் கண். மெஷினுக்குள் தெரியும் படத்தைப் பார்க்கும்போதே அது இறுகிவிட்டால் இல்லாத மைனஸும் சேர்ந்து வரும். அந்த எண்ணை வைத்துக் கண்ணாடி செய்தால் பிள்ளை நாள் முழுக்கத் தேவையில்லாமல் கண்ணை இறுக்கிக்கொண்டே படிக்கும்.

அதற்காகத்தான் சைக்ளோபென்டோலேட் அல்லது ஹோமட்ரோபின் சொட்டு விட்டு, கண்ணை அப்படி இறுக்கும் உள்தசையைத் தளர்த்திவிட்டுப் பார்க்கிறார்கள். கண் பாப்பா (கண்ணின் நடுவே வெளிச்சம் நுழையும் துவாரம்) விரிந்து ஒரு நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள், வெயிலில் கண் கூசும், பக்கத்தில் எழுத்து மங்கும். "நாளைக்கு டெஸ்ட் இருக்கு, சொட்டு வேண்டாம்" என்று பல பெற்றோர் மறுப்பது இதனால்தான். வெள்ளிக்கிழமை மாலை அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் முடிந்தது.

சீட்டைத் தூக்கிப் போடுவது இதோடு ஒட்டிய தவறு. ஒவ்வொரு தடவையின் சீட்டையும் தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, வருடத்துக்கு அரை டயாப்டருக்கு மேல் ஏறுகிறதென்றால் ஏதாவது செய்ய வேண்டிய கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். வசதி இருக்கும் மருத்துவமனையில் கண்ணின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வலிக்காது, கண்ணைத் தொடாமலே அளந்துவிடுவார்கள். பவரை விட இந்த எண்தான் நேரடியான சாட்சி. அப்புறம், சீட்டில் சிலிண்டர் எண் (கருவிழியின் வளைவு சமமாக இல்லாததைக் காட்டும் பவர்) மளமளவென்று ஏறி, பிள்ளை ஓயாமல் கண்ணைக் கசக்குகிறது என்றால் அது சாதாரணக் கிட்டப்பார்வையாக இல்லாமல் கருவிழி கூம்பாகும் கெரட்டோகோனஸாக இருக்கலாம். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

எல்லாப் பழியும் போனுக்கு

போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டு, கையில் புத்தகத்தைக் கொடுத்து டியூஷனுக்கு அனுப்புகிறோம். ஒரு முழத்துக்குள் உள்ள எழுத்தை மணிக்கணக்கில் பார்ப்பது என்று எடுத்துக்கொண்டால் கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போன் இன்னும் மூக்குக்கு அருகே வரும், இன்னும் நேரம் தின்னும் என்பது சரி. ஆனால் அது பிள்ளையிடமிருந்து பறித்துக்கொண்ட பெரிய பொருள் வெளி வெளிச்சம். நம் விவாதங்களில் அது வருவதே இல்லை.

வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). பகலில் வெளியே வந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். மர நிழலில் நின்றாலும் சில ஆயிரம் இருக்கும். இந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கூட்டி, கண் நீளுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளியே நடத்தும் வகுப்பைச் சேர்த்தார்கள். மூன்று வருடம் கழித்து அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். மற்றப் பள்ளிகளில் 39.5. தைவான் 2010-லிருந்தே தினம் இரண்டு மணி நேரம் வெளியே என்பதைப் பள்ளிகளில் ஓர் இயக்கமாக நடத்துகிறது.

நம் ஊரில் நான்காம் வகுப்புப் பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரைக்கு வேன். பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்வார். நாலேகாலுக்கு வீடு, ஐந்துக்கு டியூஷன், ஏழு மணிக்கு இருட்டு. நடுவே கிடைக்கும் முக்கால் மணி நேரத்திலும், "வெயில்ல ஆடாதே, கருத்துப் போயிடுவே" என்று பாட்டி கூப்பிட்டுவிடுவார். டியூஷனை ஆறு மணிக்கு நகர்த்துவது எந்த லென்ஸையும் விட மலிவு. உச்சி வெயில் வேண்டாம். காலை ஒன்பதுக்கு முன்னால், மாலை நாலரையிலிருந்து ஆறு வரை போதும். தொப்பி போட்டுக்கொள்ளலாம். விளையாட வேண்டும் என்று கூட இல்லை, மாடியில் சும்மா சுற்றினாலும் சரி. சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடக் கூடாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளி வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில் வலுவாக வேலை செய்கிறது. ஏற்கெனவே வந்த பவர் ஏறுவதைத் தடுப்பதில் அந்த அளவுக்கு உறுதி இல்லை. அதனால் அக்காவுக்குப் பவர் வந்த வீட்டில் தம்பியை முதலில் வெளியே அனுப்புங்கள். அம்மா அப்பா இருவருமே கண்ணாடி என்றால் இன்னும் கட்டாயம். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாதாரணமாகக் கொஞ்சம் பிளஸ் பவர் கையிருப்பாக இருக்க வேண்டும். சொட்டு விட்டுப் பார்த்து அது +0.75-க்கும் குறைவு என்றால், இன்று பார்வை நன்றாகத் தெரிந்தாலும் அந்தப் பிள்ளை கிட்டப்பார்வைக்கான வரிசையில் நிற்கிறது என்று பொருள்.

பணமும் நேரமும் போகும் வழிகள்

நீல ஒளி தடுக்கும் லென்ஸ் கிட்டப்பார்வையைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண் களைப்பைக்கூட அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கோக்ரேன் மதிப்பாய்வு 2023-ல் சொன்னது. ஓட்டைக் கண்ணாடி, கண்ணை உருட்டும் பயிற்சி, கேரட் எல்லாம் இதே கணக்குதான். பொன்னாங்கண்ணிக் கீரை நல்ல உணவு, சாப்பிடட்டும். கண்ணின் நீளத்தை அது குறைக்காது. தேன், நந்தியாவட்டைச் சாறு என்று கண்ணில் விடுவதுதான் ஆபத்து. கருவிழியில் தொற்று வந்தால் மைனஸ் பவரை நினைத்து ஏங்கும் நிலைக்குப் போக வேண்டியிருக்கும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு

குறைந்த அளவு அட்ரோபின் சொட்டும் தனி வகைக் கண்ணாடிகளும் இப்போது பலரும் எழுதித் தருபவை. இங்கே வரும் ஏமாற்றத்துக்கு முக்கால்வாசிக் காரணம், பவர் இறங்கும் என்று எதிர்பார்ப்பது. இவை ஏறும் வேகத்தைத்தான் குறைக்கும். ஹாங்காங் ஆய்வில் 0.01, 0.025, 0.05 சதவீதச் சொட்டுகளை ஒப்பிட்டதில் 0.05 நன்றாக வேலை செய்தது. 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 0.01-க்கும் மருந்தில்லாத வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே "சொட்டுதான் விடுறோமே" என்று சும்மா இருக்காமல், ஆறு மாதம் கழித்து அளந்து, போதவில்லை என்றால் அளவை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். திடீரென்று நிறுத்துவதும் தவறு. நிறுத்தியபின் பவர் வேகமெடுப்பது உண்டு, முக்கியமாக அளவு கூடிய சொட்டில்.

மருந்துக் கடையில் பாட்டிலை ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். 1% அட்ரோபினும் விற்பனையில் உண்டு. 0.01%-க்கும் அதற்கும் நூறு மடங்கு வித்தியாசம். அவசரத்தில் மாறி வந்த 1% சொட்டை விட்டால் வாரக்கணக்கில் பாப்பா விரிந்து, பிள்ளையால் படிக்கவே முடியாமல் போகும்.

நடுவில் தெளிவாகவும் சுற்றிலும் நுண்ணிய வட்ட லென்ஸ்களோடும் வரும் கண்ணாடி, ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருட ஆய்வில் ஏற்றத்தை ஏறக்குறைய பாதியாக்கியது. விலை அதிகம். அதைப் போய் பெரிய ஃபிரேமில் போட்டு, அது மூக்கில் வழுக்கி இறங்கி, பிள்ளை மேல் விளிம்புக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தால் கொடுத்த காசு வீண். ஃபிரேமை இறுக்கிக்கொள்ளக் கடையில் ஐந்து நிமிடம் போதும். தூங்கும்போது கருவிழி மேல் போடும் ஆர்த்தோ-கே என்ற கான்டாக்ட் லென்ஸும் பலன் தரும். ஆனால் குழாய்த் தண்ணீர் அதைத் தொடவே கூடாது. அவ்வளவு சுத்தம் வீட்டில் தினமும் முடியாதென்றால் வேண்டாம். கிட்டப்பார்வைக்கு என்று வரும், கண்ணுக்குச் சிவப்பு ஒளி காட்டும் கருவியை இணையத்தில் வாங்கி நீங்களாகப் பயன்படுத்தாதீர்கள். விழித்திரை பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பற்றிய பதிவு வந்திருக்கிறது. சீனாவே இப்போது அதை அதிக அபாயமுள்ள மருத்துவக் கருவிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

"பதினெட்டு ஆனதும் லேசர் பண்ணிட்டா சரியாயிடும்" என்பதைக் கல்லூரி வாசல் வரை கேட்கலாம். லேசர் கருவிழியைச் செதுக்கிக் கண்ணாடியைக் கழற்ற வைக்கும். பின்னால் நீண்டு மெலிந்த விழித்திரை அப்படியேதான் இருக்கும். அதனால் பவர் அதிகமுள்ளவர்கள் லேசருக்குப் பிறகும் வருடம் ஒரு முறை சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வயதிலானாலும் திடீரென மின்னல் மாதிரி தெரிவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஒரு பக்கம் திரை இறங்கியது போல் மறைப்பது இவற்றில் ஒன்று வந்தால் அன்றே விழித்திரை மருத்துவரிடம் போய்விட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி என்றாலும் திங்கள் வரை காத்திருக்கக் கூடாது.