கடன் வாங்கும் மந்திரவாதி: டி அண்ட் டி-க்குச் சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதலாம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேஜை விளையாட்டை ஆடத் தொடங்கி நாலைந்து மாதம் ஆனால் போதும், புத்தகத்தில் இருக்கிற கிளாஸ் (போர்வீரர், மந்திரவாதி போன்ற கதாபாத்திர வகை) பிடிக்காமல் போய்விடும். நாமே ஒன்று எழுதலாமே என்று கை அரிக்கும். எழுதுவது சுலபம்தான். மேஜைக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரியும்: ஒன்று, பக்கத்தில் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள், இல்லையென்றால், எழுதியவரே ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பார். என் முதல் முயற்சி முதல் ரகம். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

இங்கே எல்லாமே ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். புத்தகம் கையில் இல்லாதவர்களுக்கு எஸ்ஆர்டி 5.1 (அடிப்படை விதிகளின் தொகுப்பு) போதும், 2023 முதல் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 1: ஒரே வரியில் சொல்லுங்கள்

என்னுடையது இது: "மந்திரசக்தியைக் கடன் வாங்கிப் பிரயோகிப்பவர்." பெயர் கடனாளி. இந்த ஒரு வரியில் வேறு எந்த கிளாஸும் செய்யாத ஒரு காரியம் இருக்க வேண்டும். "நெருப்பு மந்திரவாதி" என்றால் அதற்குப் புத்தகத்தில் உள்ள சார்சரர் என்ற மந்திரவாதி கிளாஸே போதும், நெருப்பு மந்திரங்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் சரி.

படி 2: எலும்புக்கூட்டை எழுதாதீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள்

ஸ்பெல் ஸ்லாட் (எந்த நிலை மந்திரத்தை ஒரு நாளில் எத்தனை முறை போடலாம் என்ற கணக்கு) அட்டவணையைச் சொந்தமாக எழுதவே வேண்டாம். முழுநேர மந்திரவாதி என்றால் விஸார்ட் கிளாஸின் அட்டவணை: லெவல் (கதாபாத்திரத்தின் வளர்ச்சிப் படி) 1-இல் இரண்டு ஸ்லாட், லெவல் 5-இல் முதல் மூன்று நிலைகளுக்கு 4, 3, 2, லெவல் 17-இல் ஒன்பதாம் நிலை மந்திரம். வாளும் சுழற்ற வேண்டுமா? பாலடின் (மந்திரமும் தெரிந்த போர்வீரர்) அட்டவணை, அது ஐந்தாம் நிலை மந்திரத்தோடு நின்றுவிடும். இரண்டும் வேண்டும் என்று கேட்கக் கூடாது.

கடனாளிக்கு விஸார்ட் அட்டவணை, 6 பக்கப் பகடை ஹிட் டைஸ் (உயிர்ப்புள்ளியைத் தீர்மானிக்கும், ஓய்வில் காயம் ஆற்றும் பகடைகள், லெவலுக்கு ஒன்று), மந்திரத்துக்குத் திறன் கரிஸ்மா (ஆளுமை), சார்சரருக்கு உள்ள அளவு மந்திரங்கள் (லெவல் 5-இல் ஆறு). சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது, இரண்டு திறன்களில் கிளாஸுக்குச் சாதகம் உண்டு) டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி), விஸ்டம் என்ற திறன்கள் மூன்றில் ஒன்று மட்டும். மற்றது இன்டெலிஜன்ஸ், ஸ்ட்ரெங்த், கரிஸ்மாவில் ஒன்று. நான் விஸ்டமும் கரிஸ்மாவும் எடுத்தேன். கான்ஸ்டிட்யூஷன் ஏன் இல்லை என்பது கீழே வரும்.

படி 3: சிறப்பு சக்தி, அதன் விலை

என் முதல் வரைவு இப்படி: நாளைய ஸ்லாட்டை இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம், நாளைக்கு அது கழியும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. லெவல் 5-இல் டிராகன் சண்டை. தன்னுடைய மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டு, நாளையது இரண்டு, ஆக நான்கு ஃபயர்பால் (மூன்றாம் நிலை நெருப்பு மந்திரம்). ஃபைட்டர் ஆடியவர் தன் முறை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் டிஎம் (கதையை நடத்துபவர்) ஆட்டத்தைத் தொடங்கியது இப்படி: "பத்து நாள் கழித்து, நீங்கள் ஊர் திரும்பியிருக்கிறீர்கள்..." தேர்தல் வராமலே கடன் தள்ளுபடி!

டிஎம் வழிகாட்டி நூல் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு சண்டைகள் என்று கணக்குப் போடுகிறது. வீட்டு மேஜையில் ஒன்றோ இரண்டோதான் நடக்கும். "நாளைக்கு" என்று எழுதிய விலை ஒருநாளும் வசூலாகாது. விலையை அந்தச் சண்டையிலேயே, முடிந்தால் அந்த டர்னிலேயே கட்ட வேண்டும்.

சரி, எவ்வளவு? இதற்குப் பக்கத்து கிளாஸைப் பாருங்கள். கூடுதல் ஸ்லாட் கிடைக்கிற இரண்டு சக்திகள் ஏற்கெனவே இருக்கின்றன. விஸார்டின் ஆர்கேன் ரிகவரி, லெவலில் பாதியை மேல்நோக்கி முழுமையாக்கி, அத்தனை நிலை அளவுக்கு ஸ்லாட்டைத் திரும்பத் தருகிறது: லெவல் 5-இல் 3, அதாவது ஒரு மூன்றாம் நிலை ஸ்லாட். சார்சரருக்கு அதே லெவலில் 5 சார்சரி பாயிண்ட், அதைக் கொடுத்து ஸ்லாட் வாங்கலாம். மூன்றாம் நிலை ஸ்லாட்டின் விலையும் 5. இரண்டு வழியிலும் நாளுக்கு ஒரே ஒரு மூன்றாம் நிலை ஸ்லாட். அதுதான் சந்தை விலை. நான் கொடுத்ததோ இரண்டு, அதுவும் இலவசமாக.

திருத்திய விதி: லெவல் 2 முதல், மந்திரம் போடும் அந்தக் கணத்தில் ஒரு ஸ்லாட் கடன் வாங்கலாம். ஸ்லாட்டின் நிலை எவ்வளவோ அத்தனை ஹிட் டைஸ் செலவு. அந்தப் பகடைகளை உருட்டி, வந்த எண்ணைச் சேதமாக ஏற்க வேண்டும். எதைக் கொண்டும் குறைக்க முடியாது.

மூன்றாம் நிலைக்கு 3டி6 (ஆறு பக்கப் பகடை மூன்று), சராசரி 10.5. லெவல் 5-இல் கான்ஸ்டிட்யூஷன் +2 உள்ள கடனாளிக்கு 32 எச்பி (உயிர்ப்புள்ளி), அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சேதம் என்பதால், நீடித்துக்கொண்டிருக்கும் மந்திரம் கலையாமலிருக்க கான்சன்ட்ரேஷன் சேவும் (ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோ) போட வேண்டும். கான்ஸ்டிட்யூஷன் சேவைக் கொடுக்காததற்குக் காரணம் இதுதான்: ஒரு கையால் வாங்கும் விலையை மறு கையால் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

எதிர்பாராமல் ஒன்று பொருந்தி வந்தது. லாங் ரெஸ்ட் (இரவு முழு ஓய்வு) எடுத்தால் மொத்த ஹிட் டைஸில் பாதிதான் திரும்பும். ஆக நாள் சராசரியாக கடனாளி லெவலில் பாதி அளவுதான் கடன் வாங்க முடியும், ஏறக்குறைய விஸார்டின் அளவு. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டலாம், ஆனால் அடுத்த நாள் பாதிப் பகடைதான். 2024 விதிகளில் ஹிட் டைஸ் முழுவதும் திரும்பிவிடும். அதில் ஆடுபவர்கள் கடன் வரம்பை லெவலில் பாதி என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: சொந்த மந்திரம் ஒன்றிரண்டு போதும்

மந்திரப் பட்டியலுக்கு இருக்கிறவற்றையே பொறுக்கி எடுங்கள். நான் எழுதியது "ஜப்தி" மட்டும். முதல் நிலை மந்திரம் ஒரே எதிரிக்கு 2டி10 சேதம் தரலாம் என்கிறது 2014 டிஎம் வழிகாட்டி. ஜப்தி எதிரியின் ரியாக்ஷனையும் (அடுத்தவர் முறையின்போது செய்யும் பதில் நடவடிக்கை) பறிப்பதால் சேதத்தை 2டி6 ஆக்கினேன். மூன்றாம் நிலையில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு அந்த அட்டவணை 6டி6 என்கிறது. ஃபயர்பால் 8டி6. அதை அளவுகோலாக வைத்து எழுதினால் எல்லாமே கொஞ்சம் வீங்கிவிடும்.

படி 5: ஓட்டை தேடுங்கள்

உங்கள் குழுவில் விதியைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர் இருப்பார். வரைவை அவரிடம் கொடுத்து, இதை வைத்து அநியாயம் செய் என்று சொல்லுங்கள். எங்கள் ஆள் பத்து நிமிடத்தில் மூன்று கண்டுபிடித்தார். ஒன்று, காலையிலேயே கடன் வாங்கி வைத்துக்கொண்டு கிளெரிக்கிடம் காயத்தை ஆற்றிக்கொள்வது. மந்திரம் போடும் கணத்தில் மட்டும் என்று எழுதியது அதனால்தான். இரண்டு, வேறு கிளாஸோடு கலந்து பார்பேரியனின் ஹிட் டைஸை அடகு வைப்பது. இப்போது கடனாளி லெவலில் வந்த பகடைகள் மட்டும்தான் செல்லும். மூன்று, லெவல் 17-இல் ஒன்பதாம் நிலை ஸ்லாட்டைக் கடன் வாங்குவது. விஸார்டுக்கும் சார்சரருக்கும் ஐந்தாம் நிலைதான் உச்சம், இவருக்கும் அதுவே.

படி 6: ஆடிப் பாருங்கள்

லெவல் 3, 5, 11 மூன்றிலும் தலா மூன்று சண்டை, நடுவில் ஒரு ஷார்ட் ரெஸ்ட். மேஜையில் ஒரு விஸார்டும் ஒரு ஃபைட்டரும் கட்டாயம் இருக்கட்டும். சேதத்தைக் கூட்டுவதைவிட, ஆடுபவர் எத்தனை முறை கடன் வாங்கினார் என்று குறித்து வையுங்கள். வாய்ப்பு வந்தபோதெல்லாம் வாங்கினால் விலை மலிவு. ஒருமுறைகூட வாங்கவில்லை என்றால் அதிகம்.

எங்கள் இரண்டாவது சோதனையில் கடனாளிக்கு 14 எச்பி மீதி. எதிரே இரண்டு ஓகர். அவர் மூன்று பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கினார், உருட்டவில்லை. கிளெரிக்கைப் பார்த்தார். கிளெரிக் கையை விரித்தார். ஒரு பகடையை மேஜையில் திரும்ப வைத்துவிட்டு, "ரெண்டாம் நிலையே போதும்ப்பா" என்றார்.