பூந்தொட்டிக்கு ஒரு நூல்கயிறு உறி

மேக்ரமே என்ற பெயரில் கடைகளில் தொங்கும் பூந்தொட்டித் தாங்கி வேறொன்றும் இல்லை, நம் உறிதான். தயிர்ப்பானையையும் வெண்ணெய்ச் சட்டியையும் பூனைக்கு எட்டாமல் விட்டத்தில் தொங்கவிட்ட அதே உறி. அன்று தேங்காய்நார்க் கயிறு, இன்று பருத்தி நூல்கயிறு, மாற்றம் அவ்வளவே. தெரிந்துகொள்ள வேண்டிய முடிச்சுகளும் நாலே. முதல் முறை செய்பவர் ஒரு மதியத்தை ஒதுக்கினால் போதும்.

இங்கே சொல்லும் அளவு வாய் 15 செ.மீ., உயரம் 14 செ.மீ., அடி 10 செ.மீ. உள்ள மண்தொட்டிக்கு. உறி வளையத்திலிருந்து குஞ்சம் வரை சுமார் ஒரு மீட்டர் வரும்.

தேவையானவை: 3 மி.மீ. பருத்திக் கயிறு 34 மீட்டர், 5 செ.மீ. மர வளையம் அல்லது இரும்பு வளையம், அளவுகோல், கத்தரி, செல்லோ டேப். பிளாஸ்டிக் வளையலை வளையமாக்க வேண்டாம். ஈரத் தொட்டி மூன்று கிலோவை நெருங்கும், ஒருநாள் படக்கென்று உடையும். கயிறு வாங்கும்போது ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துப் பாருங்கள். நைலான் என்றால் வழுக்கிக்கொண்டு அவிழும். சணல் பார்க்க அழகு. ஆனால் தண்ணீர் படும் இடத்தில் சீக்கிரம் இற்றுப்போகும். மழைச்சாரல் அடிக்கும் பால்கனிக்குத் தேங்காய்நார்க் கயிறே இன்றைக்கும் உத்தமம், கை உறுத்தலைப் பொறுத்துக்கொண்டால்.

வெட்டுவதற்கு ஒரு சுருக்குவழி. இரண்டு நாற்காலிகளை 2 மீட்டர் இடைவெளியில் போட்டு, கயிற்றை எட்டுச் சுற்று சுற்றுங்கள். ஒரு நாற்காலிப் பக்கம் மட்டும் வெட்டினால் 4 மீட்டர் நீளத்தில் எட்டுக் கயிறுகள் கிடைக்கும். வெட்டாத பக்கம்தான் எல்லாவற்றுக்கும் சரிபாதி. அந்த மடிப்பை அப்படியே வளையத்துக்குள் நுழைத்துத் தொங்கவிடுங்கள், 16 இழைகள். நுனிகளில் டேப் ஒட்டாவிட்டால் பாதி வேலையிலேயே பிரிந்து பஞ்சாகும். மீதிக் கயிற்றில் 80 செ.மீ. துண்டு இரண்டு வெட்டி வையுங்கள்.

கழுத்துச் சுற்று. வளையத்தை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொள்ளுங்கள். 80 செ.மீ. துண்டின் ஒரு முனையை இழைக்கற்றை மேல் கீழ்நோக்கிய கொக்கிபோல மடித்து வையுங்கள். மடிப்பு கீழே, குட்டி முனை மேலே. நீள முனையால் மேலிருந்து கீழாக எட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றி, கடைசியில் அந்த மடிப்புக்குள் விடுங்கள். மேலே நிற்கும் குட்டி முனையை இழுத்தால் மடிப்பு சுற்றுக்குள் போய் ஒளியும். பாதியில் நிறுத்துங்கள், முழுக்க இழுத்தால் மடிப்பு மேல்வழியாக வெளியே வந்து எல்லாம் அவிழும். பிறகு இரு முனைகளையும் ஒட்ட நறுக்குங்கள்.

முறுக்குக் கை. 16 இழைகளை நாலு நாலாகப் பிரித்தால் நாலு கைகள். ஒவ்வொரு கையிலும் நடு இரண்டு சும்மா தொங்கும். ஓர இரண்டுதான் வேலை செய்யும். இடது ஓர இழையை நடு இழைகளுக்கு முன்புறமாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். வலது ஓர இழையை அதன்மேல் போட்டு, நடு இழைகளுக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து, இடப்பக்க வளைவுக்குள்ளிருந்து முன்னால் எடுத்து இறுக்குங்கள். இது அரை முடிச்சு. மறுபடி மறுபடி இடப்பக்க இழையையே முன்னால் போட்டு வந்தால் தானாகத் திருகி முறுக்குப்போல வரும். திருகும்போது நேராக்கிப் பிடிக்காதீர்கள், அதன் போக்கிலே விட்டுப் பின்தொடருங்கள்.

20 செ.மீ. வந்ததும் நிறுத்தி, எத்தனை முடிச்சு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று கைகளுக்கும் அதே எண்ணிக்கை, நீளமும் சரிபாருங்கள். மூன்றாவது கைக்கு வரும்போது விரல் சலித்து இறுக்கம் குறையும். தொட்டி ஒருபக்கம் சாய்ந்து தொங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பட்டை முடிச்சு. முறுக்குக்குக் கீழே 20 செ.மீ. வெறுமனே விடுங்கள், செடி இலை விரிக்கும் இடம் அது. இப்போது ஓர இழைகள் குட்டையாகியிருப்பதைப் பார்ப்பீர்கள். முறுக்கு, தன் நீளத்தைப்போல நாலைந்து மடங்கு கயிற்றை விழுங்கிவிடும். ஆகவே நீளமாக மிஞ்சிய நடு இழைகளை ஓரத்துக்கும், குட்டை இழைகளை நடுவுக்கும் மாற்றுங்கள். இதைச் செய்ய மறந்தால் அடியில் கயிறு போதாமல் போகும், ஒட்டுப்போட வழியில்லை.

இங்கே மூன்று சதுர முடிச்சுகள். முதல் பாதி முன்சொன்ன அரை முடிச்சேதான். அடுத்த பாதியில் வலப்பக்கமிருந்து முன்னால் வர வேண்டும். குழப்பமாக இருந்தால் ஓர இழைகளில் ஒன்றில் பேனாவால் புள்ளி வையுங்கள். புள்ளி இழை எந்தப் பக்கம் இருந்தாலும் எப்போதும் அதுவே முன்னால் போகும். அப்படிச் செய்தால் பட்டை திருகாது.

தொட்டில். ஒரு கையின் வலது இரண்டு இழைகளையும் பக்கத்துக் கையின் இடது இரண்டையும் சேர்த்து, பட்டையிலிருந்து 8 செ.மீ. கீழே இரண்டு சதுர முடிச்சு. கண்ணளவு வேண்டாம், 8 செ.மீ. அகல அட்டை ஒன்றை நடுவே வைத்துக்கொண்டு முடியுங்கள். நாலு இணைப்பும் முடிந்தபின் அங்கிருந்து 12 செ.மீ. கீழே 16 இழைகளையும் ஒன்றாகப் பிடித்து ஒரே பெரிய முடிச்சாகப் போட்டு, ஒவ்வோர் இழையாக இழுத்து இறுக்குங்கள். அதன் கீழே மற்ற 80 செ.மீ. துண்டால் கழுத்தில் செய்த அதே சுற்று. சுற்று மட்டும் போதும் என்று பெரிய முடிச்சை விட்டுவிட்டால், ஈரம் ஏறி இறங்கும்போது இழைகள் நழுவித் தொட்டி மெல்லக் கீழிறங்கும். குஞ்சத்தை 20 செ.மீ. விட்டு நறுக்குங்கள்.

வேறு தொட்டி என்றால் கணக்கு இது: பட்டையிலிருந்து இணைப்புக்குத் தொட்டியின் பாதி உயரத்தோடு 1 செ.மீ.; இணைப்பிலிருந்து பெரிய முடிச்சுக்கு அடியின் ஆரத்தோடு பாதி உயரம். கண்ணி பெரிதானால் தொட்டி இடுக்கில் நழுவும்.

மாட்டும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கான்கிரீட் தளத்தில் பிளாஸ்டிக் பிளக் வைத்துக் கொக்கி திருகினால், நேர் கீழ் இழுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். உள்ளே விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் கொக்கி போடுங்கள். 1200 மி.மீ. மின்விசிறியின் இறக்கை நடுவிலிருந்து 60 செ.மீ. வரை சுழலும், காற்றில் உறியும் ஆடும். ஆகவே விசிறியின் நடுவிலிருந்து 120 செ.மீ. தள்ளியே கொக்கி இருக்கட்டும். தொட்டி கண்மட்டத்தில் தொங்கினால் கண்ணுக்கு நிறைவு. மூன்று உறி மாட்டுவதானால் ஒரே உயரத்தில் வேண்டாம், கடைவாசல் போலாகிவிடும்.

வெள்ளைக் கயிறு பிடிக்காதவர்கள் முடிச்சுப் போடும் முன்பே கெட்டித் தேயிலைச் சாயத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தலாம். மஞ்சள்தூள் வேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும்.

தண்ணீர் ஊற்றும் நாளில் தொட்டியை இறக்கி, ஊற்றி, வடிந்தபின் மாட்டுங்கள்; முடியாதென்றால் தொட்டிக்கடியில் தட்டு ஒன்றை உறிக்குள்ளேயே வையுங்கள். வடியும் நீர் சேர்வது அந்தப் பெரிய முடிச்சில்தான். மழைக்காலம் முடிந்ததும் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கறுத்து, மெத்தென்று அமுங்கி, இழை பொடிந்தால் தொட்டியை அன்றே இறக்கிவிடுங்கள்.