கங்காணியின் பெயரைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்: மலையகத்தில் பூட்டன் வழி தேடுவோருக்கு

இலங்கையின் தேயிலை மலையகத்து ஹட்டனில் இறங்கி, "எங்கள் பூட்டன் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார்" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. தோட்டத்தின் பெயர் தெரிந்தாலும் போதாது. தோட்டத்தின் பிரிவைக் கணக்கு என்பார்கள். மேற்கணக்கா பணியக்கணக்கா (கீழ்ப்பிரிவா) என்று தெரியாமல் ஏறினால், ஒரு மலை முழுக்க நடந்து வேறு லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்க நேரும். வீட்டு மூத்தவர்களிடம் இப்போதே மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு, எந்தக் கங்காணியின் (ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கியவரின்) ஆட்கள்.

மூன்றாவதைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். கங்காணி தமிழகத்தில் தன் சொந்த ஊருக்கும் சுற்றுப்பட்டிக்கும் போய், தெரிந்தவர்களையும் உறவுக்காரரையும் திரட்டித்தான் கடல் தாண்டி அழைத்து வந்தார். ஆகவே ஒரு கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தார். உங்கள் பூட்டனின் ஊர் குடும்பத்தில் மறந்துபோயிருக்கலாம். கோயில் கட்டிய பெரியகங்காணியின் ஊர் தோட்டத்தில் அவ்வளவு சுலபமாக மறக்கப்படுவதில்லை. தோட்டக் கோயிலின் உபயக் கல், மணி, குத்துவிளக்கு ஆகியவற்றில் பெயரும் ஊரும் வெட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாட்டியின் வழியைத் தனியாகக் கேளுங்கள். அவர் வேறு கங்காணியின் ஆட்களோடு வந்து, இங்கே மணமுடித்திருந்தால் ஊரும் வேறாகவே இருக்கும்.

தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. பலகையில் ஆங்கிலப் பெயர். சனங்கள் வாயில் தமிழ்ப் பெயர். வீட்டில் கேட்ட பெயர் வரைபடத்தில் அகப்படாவிட்டால், பஸ் நிலையத்து முச்சக்கரவண்டிக்காரரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுதிக் காட்ட வேண்டாம். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தோட்டங்களைப் பட்டியலிட்ட பழைய ஃபேர்குசன் டைரக்டரிகளைப் பார்க்கலாம். தோட்டத்தின் ஏக்கர், உரிமையாளர், துரை (தோட்ட நிர்வாகி) பெயர் எல்லாம் அவற்றில் உண்டு. தொழிலாளர் பெயர் இராது. சில இடங்கள் இன்று தண்ணீருக்குள் கிடக்கின்றன. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. நீர் வற்றும் மாதங்களில் பழைய கோயிலின் இடிபாடு வெளியே தெரியும்.

தோட்டக் காரியாலயத்தில் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 1972, 1975 ஆண்டுகளின் தேசியமயமும் 1992இன் கம்பனி மாற்றமும், கூடவே ஈரமும் கறையானும் அவற்றில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. கையில் அகப்படக்கூடியவை வேறு. தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பில் தகப்பன் பெயரும் பிறந்த திகதியும் இருக்கும். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் தேடுதல் கட்டணம் கூடும். எழுத்துப் பிழைக்குத் தயாராகப் போங்கள்: ராமாயி, ராமாய், ராமி மூவரும் ஒருவராக இருக்கலாம். எல்லாவற்றிலும் பெறுமதியானது பெட்டிக்குள் கிடக்கும் பிரஜாவுரிமைக் காகிதம். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், மணமானவராயின் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1க்கு உடனே முந்திய காலத்தில் இலங்கையில் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. எந்த ஆண்டு எந்தத் தோட்டம் என்பது அதில் வரிசையாக வரும். 1964இன் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின்படி இந்தியா போன உறவுகள் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருந்தால், அவர்களின் பழைய பாஸ்போட்டையும் குடும்ப அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தொழிற்பெயரைக் கேட்டபடியே எழுதுங்கள், 'கூலி' என்று சுருக்க வேண்டாம். கவ்வாத்து வெட்டியவரா (தேயிலைச் செடி கத்தரித்தவரா), கானு (வடிகால்) வெட்டியவரா, ஸ்டோரில் (தேயிலை ஆலையில்) வேலையா, பங்களாவில் அப்புவா (சமையற்காரரா), பிள்ளைக்காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) ஆயாவா என்பது வாழ்க்கையையே வேறாக்கும். குடும்பத்தில் 'கங்காணி' என்று மட்டும் சொன்னால், பெரியகங்காணியா சில்லறைக் கங்காணியா என்று விசாரியுங்கள். பெரியகங்காணியின் கீழ் பல சில்லறைக் கங்காணிமார் இருந்தார்கள். சில்லறைக் கங்காணியின் ஆட்கள் சிறு கூட்டம் என்பதால் ஊரைக் கண்டுபிடிப்பது அங்கேதான் எளிது.

காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் அணிவகுப்பு) முடிந்ததும் சனம் மலையில் இருக்கும். கொழுந்து நிறுத்து முடித்து வீடு திரும்பும் மாலையில், அல்லது ஞாயிற்றுக்கிழமை போங்கள். முதலில் தோட்ட முகாமையாளரிடம் அனுமதி பெறுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் அரச காரியாலயம் பூட்டியிருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழையும் அட்டையும். பதுளைப் பக்கத்துக்கு ஒக்டோபருக்குப் பிந்திய மழையைக் கணக்கில் எடுங்கள். லயத்தில் எடுத்த எடுப்பில் சாதியைக் கேட்காதீர்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்த லயம் என்று ஒருகாலத்தில் அதை வைத்தே பிரித்தார்கள், அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. குலதெய்வம் எது, காமன்கூத்தில் யார் வேடம் கட்டினார்கள் என்று கேளுங்கள். மற்றவை தானாக வரும்.

ஊர்ப்பெயர் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. காகிதத்தில் 'திருச்சி ஜில்லா' என்றிருந்தால் அந்த ஊர் இன்று கரூரிலோ பெரம்பலூரிலோ இருக்கலாம். 'சேலம் ஜில்லா' என்றால் நாமக்கல்லிலும் தேடுங்கள். அந்த மாவட்டங்கள் 1990களில்தான் பிரிந்தன. ஒரே பெயரில் பத்து ஊர் இருக்கும் நாட்டில், தாலுகாவின் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் இரண்டும் பொருந்தினால்தான் பஸ் ஏறுங்கள்.