டர்பனில் 15 பவுண்டு, ஜோகன்னஸ்பர்க்கில் 18: சிறு ஆட்டோகிளேவைச் சரியாக ஓட்டுவது எப்படி?

சிறு கிளினிக்குகளில் மேசைமேல் வைத்து ஓட்டும், அழுத்த கேஜும் கையால் திருகும் வால்வும் கொண்ட ஆட்டோகிளேவுக்கான (மருத்துவக் கருவிகளை நீராவியால் கிருமிநீக்கும் இயந்திரம்) விளக்கம் இது.

கிருமியைக் கொல்வது அழுத்தம் அல்ல. 121 டிகிரி ஈரநீராவி. கேஜ் காட்டுவதோ வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அழுத்தம் கூடுதல் என்பதை மட்டுமே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரைப் பக்கம் முள் 15 பவுண்டில் (சதுர அங்குலத்துக்கு) நின்றால் உள்ளே 121 டிகிரி இருக்கும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. அதே 15 பவுண்டுக்கு அங்குள்ள லெனேசியா பகுதியில் கிடைப்பது ஏறக்குறைய 118 டிகிரிதான். 300 மீட்டர் ஏறினால் அரை பவுண்டு கூட்ட வேண்டும் என்பது கணக்கு. ஆக, 18 பவுண்டு.

கூட்டுவதற்கு முன் கருவியின் தகட்டில் உள்ள உச்ச அழுத்தத்தைப் பாருங்கள். 18 அதற்கு மேல் போனால், பாதுகாப்பு வால்வை இறுக்கவோ அதன்மேல் எடை வைக்கவோ கூடாது; உயிருக்கே ஆபத்து. நேரத்தைக் கூட்டுங்கள். 3 டிகிரி குறைந்தால் கிருமி சாகும் வேகம் பாதியாகிறது. சுற்றாத கருவிக்கான 15 நிமிடம் 30 ஆகும்; துணி சுற்றிய பொட்டலத்துக்கான 30 நிமிடம் 60 ஆகும். அது போதுமா என்று ஸ்போர் சோதனையால் (சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகள் சாகின்றனவா என்று பார்ப்பது; கடைசியில் விளக்கம்) உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1. டிஸ்டில்டு வாட்டரை குறியீடு வரை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் ஹீட்டரில் உப்புப் படிய வைக்கும். அதிலுள்ள குளோரைடு ஸ்டீலைக் குழி குழியாக அரிக்கும்.

படி 2. கழுவி உலர்த்திய கருவிகளை மட்டும் வையுங்கள். கத்தரி, ஃபோர்செப்ஸ் எல்லாம் வாய் திறந்தே இருக்கட்டும். பொட்டலங்களை அடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.

படி 3. காற்றை வெளியேற்றுங்கள். பெரும்பாலான தோல்விகள் இங்கேதான். வெளியேற்று வால்வைத் திறந்தே வைத்துச் சூடேற்றுங்கள். முதலில் விட்டுவிட்டுச் சீறும், துளித்துளியாகத் தண்ணீர் தெறிக்கும். பிறகு இடைவிடாமல், ஒரே சீராக நீராவி வரும். அதன்பின் 5 முதல் 10 நிமிடம் விட்டு வால்வை மூடுங்கள். பாதிக் காற்று உள்ளே தங்கிவிட்டால் கடல் மட்டத்திலேயே 15 பவுண்டுக்கு 112 டிகிரிதான் வரும். கேஜைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

படி 4. உரிய அழுத்தம் வந்த பிறகே நேரத்தை எண்ணுங்கள். 121 டிகிரியில், துணி சுற்றிய பொட்டலத்துக்கு 30 நிமிடம். 15 என்பது சுற்றாத கருவிக்கு.

படி 5. முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு கதவைச் சற்றே திறந்து, 15-20 நிமிடம் உலரவிடுங்கள். பொட்டலம் ஈரமாக வெளியே வந்தால் அது ஸ்டெரைல் அல்ல. ஈரக் காகிதத்தின் வழியே கிருமி உள்ளே போகும். மறுபடி பொட்டலமிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.

அழுத்தம் ஏறவில்லையா? கதவின் ஓரத்தில் ஒரே இடத்தில் நீராவி கசிகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். குளிர்ந்ததும் கேஸ்கெட்டை (கதவின் ரப்பர் வளையம்) கழற்றி, விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ விறைத்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். மெத்தென்று இருந்தால், கேஸ்கெட்டையும் அது உட்காரும் பள்ளத்தையும் ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இந்தத் துடைப்பு தினமும் வேண்டும்.

நடுவில் லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தால், கதவைத் தொடாமல் சுவர் சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் திரும்பும்போது வரும் எழுச்சி கண்ட்ரோல் போர்டை எரித்துவிடும். பிறகு நேரத்தை முதலிலிருந்தே எண்ணுங்கள். 12 நிமிடமும் 3 நிமிடமும் சேர்ந்து 15 ஆகாது.

பொட்டலத்தில் ஒட்டும், சூட்டில் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் அந்தப் பொட்டலம் சூட்டைப் பார்த்தது என்று மட்டுமே பொருள். உள்ளே கிருமி செத்ததைச் சொல்வது ஸ்போர் சோதனை. வாரம் ஒருமுறை, ஸ்போர் குப்பியை நீராவி எட்டக் கடினமான பொட்டலத்தின் நடுவில் வைத்து ஓட்டுங்கள். பிறகு, ஓட்டாத இன்னொரு குப்பியோடு சேர்த்து 55-60 டிகிரியில் அடைகாக்கவும். ஓட்டாததில் நிறம் மாற வேண்டும், ஓட்டியதில் மாறக்கூடாது. ஓட்டியதிலும் மாறினால், கடைசியாகத் தேறிய சோதனைக்குப் பின் ஓட்டிய பொட்டலங்கள் அத்தனையையும் அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.