"புரிஞ்சுதுங்க சார்" என்றால் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். பி.எட். பயிற்சிக்கு வருபவர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பதும் என் வேலை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த கோளாறுகளை ஒன்று விடாமல் அவர்களும் செய்கிறார்கள். போர்டைப் பார்த்தே பேசுவது, குரல் எட்டாதது, முன் பெஞ்சை மட்டும் கேள்வி கேட்பது எல்லாம் ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை வேறு.

திருப்புதல் என்று மறுபடியும் பாடம் நடத்துவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல். அரையாண்டுக்கு முந்தின வாரம் மொத்தப் பாடத்தையும் இன்னொரு முறை நடத்தினேன். தொடரிணைப்பு, பக்க இணைப்பு, கலர் சாக்பீஸில் படம். "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுதுங்க சார்" என்று வகுப்பே சொன்னது. தேர்வில் 6 ஓம், 3 ஓம் பக்க இணைப்பில் இருந்தால் தொகுபயன் மின்தடை என்ன என்ற கேள்விக்குப் பாதிப் பேர் 9 என்று எழுதியிருந்தார்கள். விடை 2. "எத்தனை தடவை சொன்னேன்!" என்று கத்தினேன். அத்தனை தடவையும் சொன்னது நான்தான். அவர்களை ஒரு தடவையாவது சொல்ல வைத்தேனா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகள் பொய் சொல்லவும் இல்லை. அந்த நிமிடம் புரிந்துதான் இருந்தது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைப் படித்தபின், சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது 81 சதவீதம், எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது 42, 56 என்று தலைகீழாகிவிட்டது. நாம் "புரிஞ்சுதா?" என்று கேட்பது சரியாக அந்த ஐந்தாவது நிமிடத்தில்.

போன வாரம் ஒரு பயிற்சி ஆசிரியை ஒளிவிலகலை அழகாக நடத்திவிட்டு வந்து, "நல்லாத்தானுங்க சார் தலையாட்டுனாங்க" என்றார். "அம்மணி, நாளைக்கு அதே படத்தை நோட்டைப் பார்க்காம வரையச் சொல்லிப் பாரு" என்றேன். மறுநாள் வகுப்பில் சத்தமே இல்லை. ஆறு பேர்தான் கதிரைச் சரியான பக்கம் வளைத்திருந்தார்கள். அந்த முகவாட்டம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது என் வகுப்பு வெற்றுத் தாளோடுதான் ஆரம்பிக்கிறது. மூன்று கேள்வி: நேற்று நடத்தியதில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. மதிப்பெண் கிடையாது; போட்டால் பக்கத்துத் தாளைத்தான் பார்ப்பார்கள். விடையை உடனே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தப்பே மனதில் தங்கிவிடும். முதல் மாதம் முனகுவார்கள். முனகட்டும்.

தண்ணீரை ஒரே நாளில் பாய்ச்சுவது

கீழ்பவானி வாய்க்காலில் கடலைக்கு இடைவெளி விட்டு, நனைப்பு நனைப்பாகத்தான் தண்ணீர் விடுவார்கள். ஐந்து நனைப்பையும் சேர்த்து ஒரே தடவையில் திறந்துவிடச் சொல்லி எந்த விவசாயியும் கேட்கமாட்டார். படிப்பை மட்டும் தேர்வுக்கு முந்தின ராத்திரி மொத்தமாகத் திறக்கிறோம். ஜெர்மானியரான எபிங்காஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885இலேயே எழுதிவைத்தார். இடைவெளி விட்டுப் படிப்பது மனதில் நிற்கும் என்பதும் அதில் இருக்கிறது.

ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போடுவது

தலைப்பில் 'பக்க இணைப்பு' என்று இருந்தால் எந்தச் சூத்திரம் என்று பிள்ளை யோசிக்க வேண்டியதே இல்லை. பொதுத்தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது. பழைய கணக்குகளைக் கலந்து கொடுங்கள். அன்றைக்குத் தப்பு அதிகம் வரும், அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

புதுச்சொற்களைக் கொட்டுவது

ஒரே மூச்சில் நான்குக்கு மேல் வேண்டாம்.

பார்த்துக் கற்பவன், கேட்டுக் கற்பவன் என்று பிள்ளைகளைப் பிரிப்பது

அப்படிப் பிரித்து நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. சார்ட் ஒட்டும் நேரத்துக்கு இன்னும் மூன்று கேள்வி கேட்கலாம்.