மார்பகக் கட்டியை உறையவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய மார்பகப் புற்றுக்கட்டியைக் கத்தியில்லாமல் உறையவைத்து அழிக்கும் கிரையோஅப்லேஷனை இளம் கதிரியல் மருத்துவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். தொடக்கத்தில் நான் செய்த தவறையே அவர்களும் செய்யும்போது மனம் பதறுகிறது. ஊசியின் கோணம் பிசகுவதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். கீழே சொல்பவை அப்படிப்பட்டவை அல்ல.

அல்ட்ராசவுண்டில் தெரிவதுதான் முழுக்கட்டி என்று நம்புவது

இன்றும் என்னைக் கோபப்படுத்துவது இதுதான். என் ஆரம்பகால நோயாளி ஒருவருக்குத் திரையில் 9 மில்லிமீட்டர் கட்டி, அழகாகத் தனித்துத் தெரிந்தது. ஊசிமுனையில் உருவாகும் பனிப்பந்து அதைச் சுற்றி வளர்ந்து விளிம்பைத் தாண்டியதும் நிம்மதியாக இருந்தேன். மேமோகிராமில் காம்பை நோக்கி வரிசையாகப் போன நுண்ணிய கால்சியத் துகள்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவை பால்நாளத்துக்குள் பரவிய புற்றின் தடம். ஆறு மாதத்தில் எம்.ஆர்.ஐ. அதைக் காட்டியது. எதைத் தவிர்க்க அவர் என்னிடம் வந்தாரோ, அந்த அறுவை சிகிச்சையே கடைசியில் அவருக்கு நேர்ந்தது.

பனிப்பந்து தன் எல்லைக்குள் இருப்பதைத்தான் கொல்லும். நாளத்துக்குள் பரவும் புற்று அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரியாது. இந்தச் சிகிச்சையைச் சோதித்த ஐஸ்3 ஆய்வில் 60 வயதோ அதற்கு மேலோ ஆன, 1.5 சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒற்றைக் கட்டியுள்ள பெண்களை மட்டுமே சேர்த்தார்கள். நாளப் பரவல் அதிகமுள்ளவர்களையும் லோபுலர் வகைப் (பால் சுரப்பிகளில் தொடங்கும்) புற்றுள்ளவர்களையும் விலக்கினார்கள். ஐந்தாண்டில் அதே மார்பில் புற்று திரும்பியவர்கள் 4.3 சதவீதம். இளம் மருத்துவர்கள் அந்த எண்ணை நோயாளியிடம் சொல்லிவிட்டு, அந்தத் தேர்வு விதிகளை மட்டும் மறந்துவிடுகிறார்கள்! மேமோகிராமையும் எம்.ஆர்.ஐ.யையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஐயம் இருந்தால் அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பயாப்ஸி முடிவு முழுதாக வருமுன் உறையவைப்பது

கூடாது. எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 என்ற புரதங்களைச் செத்த திசுவில் நம்பகமாகச் சோதிக்க முடியாது.

தோலை மறப்பது

கட்டி தோலுக்கு அருகில் இருந்தால், தோலும் உறைந்துவிடாமல் இருக்க இடையில் உப்புநீர் செலுத்துங்கள். பனிப்பந்து வளர வளர இடைவெளி குறையும். மீண்டும் செலுத்த வேண்டும்.

மாத்திரையைக் கைவிடுவது

உறைந்தது கட்டி மட்டுமே. புற்றுக்காகத் தரும் ஹார்மோன் தடுப்பு மாத்திரையைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

முடிச்சைப் பற்றிச் சொல்லாமல் அனுப்புவது

சிகிச்சை செய்த இடத்தில் பல மாதங்கள் கெட்டியான முடிச்சு ஒன்று தட்டுப்படும். முன்பே சொல்லாவிட்டால் அந்தப் பெண் நள்ளிரவில் அதைத் தொட்டுப் பார்த்துப் புற்று திரும்பிவிட்டதென்றே எண்ணுவார். பெரிதானால் உடனே வரச் சொல்லுங்கள்.