நல்ல மெசூசாச் சுருள் பார்த்து வாங்குவது எப்படி?

யூத நண்பர் ஒருவருக்குத் திருமணப் பரிசாக அழகான வெள்ளி மெசூசா வந்திருந்தது. கதவு நிலையில் பொருத்தும் முன் திறந்து பார்த்தார். உள்ளே அச்சடித்த காகிதம்! அந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசில் இரண்டு மூன்று நல்ல சுருளாவது வாங்கியிருக்கலாம்.

பலரும் பெட்டியைத்தான் மெசூசா என்று நினைக்கிறார்கள். மெசூசா என்பது யூதர்கள் தங்கள் கதவு நிலைகளில் வைக்கும், வேதவாசகம் எழுதிய, உள்ளே இருக்கும் தோல்சுருள். பெட்டி அதற்கு ஓர் உறை, அவ்வளவுதான். அது பிளாஸ்டிக்காக இருந்தாலும் குற்றமில்லை. புது வீடு போகிறவராக இருந்தாலும், போகிறவருக்குப் பரிசு கொடுப்பவராக இருந்தாலும், கடையில் முதலில் சுருளைக் கேளுங்கள்.

படி 1: சுருளில் என்ன இருக்க வேண்டும்?

பைபிளின் உபாகம நூலிலிருந்து இரண்டு பகுதிகள்: 6:4–9, 11:13–21. முதல் பகுதி "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் ஷெமா. மொத்தம் 22 வரி, 713 எழுத்து. உண்ணத் தகுந்த விலங்கின் தோலைப் பதனிட்டு, கறுப்பு மையில், இறகாலோ நாணலாலோ கையால் எழுதியிருக்க வேண்டும். எழுதுபவருக்கு சோஃபர் என்று பெயர். அவர் விதிகளைப் படித்தவராகவும், மத ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பவராகவும் இருக்க வேண்டும்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஷதாய் என்ற கடவுள் பெயர் இருக்கும். "இஸ்ரவேலின் கதவுகளைக் காப்பவர்" என்பதன் முதலெழுத்துகளாகவும் அதை வாசிப்பார்கள். அஷ்கெனாசி (நடு, கிழக்கு ஐரோப்பிய யூத மரபு) சுருள்களில் அதோடு தலைகீழாக ஒரு வரியும் இருக்கும். கடவுள் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக எபிரேய அகரவரிசையில் அடுத்த எழுத்தைப் போட்டு எழுதிய வரி அது. பிழை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்!

படி 2: கையெழுத்துதானா என்று பாருங்கள்

ஒரு சுருள் எழுதப் பழகிய கைக்கே சில மணி நேரம் ஆகும். தோல், எழுதும் கூலி, சரிபார்க்கும் கூலி எல்லாம் சேர்ந்தது விலை. பத்து டாலருக்கு "கோஷர் சுருள்", அதாவது யூத விதிப்படி செல்லுபடியாகும் சுருள், என்று யாராவது விற்றால் கணக்கு இடிக்கிறது.

தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். எழுதும் முன் வரிவரியாகக் கீறிய தடம் தெரியும். அந்தக் கீறல் கட்டாயம். அப்புறம் ஒரே எழுத்து நாலைந்து இடத்தில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். எவ்வளவு தேர்ந்த கையானாலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அச்சில் வார்த்தது போல எல்லாம் ஒன்றாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள். தோலிலேயே அச்சடித்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

வெள்ளைவெளேர் என்று சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும் தோலும் எனக்குப் பிடிக்காது. மேல்பூச்சு நாளடைவில் வெடித்தால் மையும் சேர்ந்து உதிரும்.

படி 3: எழுத்துகள்

நம் பழைய ஓலைகளில் புள்ளியே வைக்கமாட்டார்கள். எ-யா ஏ-யா என்பதைப் படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். மெசூசாவில் அந்தச் சலுகை கிடையாது. ஓர் எழுத்து குறைந்தாலும் கூடினாலும் சுருள் பாசூல், அதாவது செல்லாது. ஒவ்வோர் எழுத்தைச் சுற்றிலும் வெறும் தோல் தெரிய வேண்டும். பக்கத்து எழுத்தோடு ஒட்டக்கூடாது.

ஒரே ஓர் உதாரணம் போதும். ஷெமாவின் முதல் வசனம் எஹாத், 'ஒருவர்', என்ற சொல்லில் முடிகிறது. அதன் கடைசி எழுத்து தாலெத். அதன் வலது மேல்மூலை கூராக இருக்க வேண்டும். கை சற்று வளைந்துவிட்டால் அது ரேஷ் ஆகிவிடும், சொல்லும் அஹேர், 'வேறொருவர்', என்று மாறிவிடும். கடவுள் ஒருவரே என்று சொல்ல வந்த வசனத்தின் பொருள் தலைகீழாகிவிடும்! எந்தச் சுருளைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

எழுத்து எதுவென்று அறிஞர்களுக்கே ஐயம் வந்தால், எழுத்து மட்டும் தெரிந்த, வாசகத்தின் பொருள் புரியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, "இது என்ன எழுத்து?" என்று கேட்பார்கள். அவன் சொல்வதை வைத்து முடிவு செய்யும் வழக்கம் இன்றும் உண்டு.

இன்னொரு கடுமையான விதி வரிசை. எழுத்துகளை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகவே எழுத வேண்டும். மூன்றாம் வரியில் ஓர் எழுத்து விட்டுப்போனதைக் கடைசியில் கண்டுபிடித்தால் போய்ச் சேர்க்க முடியாது. தோராச் சுருளில் (மோசேயின் ஐந்து நூல்கள் எழுதிய சுருள்) திருத்தலாம், இங்கே முடியாது. நேர்மையான சோஃபர் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி எழுதுவார். அவர் அப்படி ஒதுக்கினாரா என்பதைத் தோலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதியவர் யார் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

படி 4: கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

எழுதியவர் யார், அவரிடம் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். இஸ்ரேலில் வாத் மிஷ்மெரெத் ஸ்தாம் போன்ற அமைப்புகள் சோஃபர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தருகின்றன. யார் சரிபார்த்தார் என்றும் கேளுங்கள். கணினிச் சோதனை விடுபட்ட, மிகுந்த எழுத்துகளைப் பிடித்துவிடும். எழுத்தின் வடிவ நுணுக்கத்துக்கு மனிதக் கண் வேண்டும். இரண்டும் நடந்திருந்தால் நல்லது.

எந்த எழுத்துமரபு என்பதையும் சொல்லி வாங்குங்கள். அஷ்கெனாசிகளிடம் பேத் யோசேஃப், ஹசிதிகள் (ஒரு பக்தி இயக்கத்தார்) பலரிடம் அரி, செபார்திகளிடம் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த யூத மரபினர்) வெல்லிஷ் என்ற எழுத்துமரபு வழக்கம். பரிசு என்றால் வாங்கிக்கொள்பவரையே கேட்டுவிடலாம்.

"மெஹுதார்" என்றால் மேல்தரம் என்று பொருள். ஆனால் ஆளுக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள், அந்தச் சொல்லை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள். கையில் காசு குறைவா? ஒரு வாசலுக்கு மெஹுதார் வாங்கி மற்றவற்றை வெறுமையாக விடுவதைவிட, எல்லா அறைக்கும் ஐயமற்ற கோஷர் சுருள் வாங்குவதே சரி என்பேன். குளியலறைக்கும் கழிப்பறைக்கும் தேவையில்லை.

படி 5: அளவு, பெட்டி, பொருத்துதல்

6 சென்டிமீட்டர் சுருளில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், பிழைக்கு வாய்ப்பு அதிகம். 10 அல்லது 12 வாங்குங்கள். பிறகு அதற்கேற்ற பெட்டி. மடித்துத் திணிக்கக் கூடாது. இடக்கோடியிலிருந்து வலப்பக்கமாக, வாசகத்தின் தொடக்கம் வெளிப்புறம் வரும்படி சுருட்ட வேண்டும். வெளிவாசலுக்குத் தண்ணீர் புகாத பெட்டி அவசியம்.

உள்ளே நுழையும்போது வலக்கைப் பக்க நிலைக்காலில், மேல் மூன்றில் ஒரு பங்கு தொடங்கும் உயரத்தில் பொருத்துவார்கள். அஷ்கெனாசிகள் மேல்முனை அறைப்பக்கம் சாயும்படி வைப்பார்கள், செபார்திகள் நேராக வைப்பார்கள். ஆசீர்வாதம் சொல்லிவிட்டுத்தான் பொருத்த வேண்டும்.

படி 6: திரும்பவும் சோதனை

ஏழு ஆண்டுக்கு இருமுறை கழற்றி, சரிபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். வெயிலும் ஈரமும் படும் வாசலென்றால் இன்னும் சீக்கிரமே காட்டுங்கள். அப்புறம், வீட்டுக்கு வண்ணம் பூச ஆள் வரும் முன் எல்லாவற்றையும் நீங்களே கழற்றிவிடுங்கள். பெட்டியோடு சேர்த்துப் பூசிவிட்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.